கஞ்சி போட்ட மூத்திரத்துணி

குழந்தைத் துணி துவைப்பதை எனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை என்று தொடங்கினால் வசதியாக இருக்கும். ஆனால் அது பொய். என் மகள் சொல்லித்தந்தாள். கொல்லைக் குழாயடியில் நின்று, இடுப்பில் கைவைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னாள். நான்தான் கேட்கவில்லை.

போன வருஷம் ஆவணியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் என்பதால் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வீடு மன்னார்குடிக்குத் தெற்கே, ஆற்றுத்தண்ணீர் எல்லோருக்கும் கடைசியாக வந்துசேரும் பக்கம். நான் கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றபின் இங்கேயே தங்கிவிட்டோம். குழந்தை வந்த சில நாட்களில் என் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் சமையலுக்கு ஆள் வைத்தாள். துணி துவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

டயப்பர் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். வெளியே போகும்போதுதான் டயப்பர், வீட்டில் துணிதான் என்று மகள் முடிவாகச் சொல்லிவிட்டாள். என் பழைய வேட்டிகளில் நைந்து மெத்தென்று ஆனவற்றை எடுத்து, முக்கோணமாக மடித்துக் கட்டும் அளவுக்குக் கிழித்து ஓரம் தைத்தாள். மிச்சத்தைக் கையகலச் சதுரங்களாக வெட்டிக்கொண்டாள். அவை குழந்தையைத் துடைப்பதற்கு. கடையில் விற்கும் ஈரக் காகிதம் வேண்டாம், வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணிதான் வேண்டும் என்றாள்.

“அப்பா, நல்லா கேட்டுக்கங்க. ஆய் போன துணிய மொதல்ல தனியா அலசிடணும். அப்புறம் வெந்நீர்ல ஊறணும். சோப்பு கொஞ்சமாத்தான். அலசறது மட்டும் நுரை போற வரைக்கும். நீலம் வேணாம், வாசனைத் தண்ணி வேணாம். வேற எதுவுமே வேணாம்.”

“கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து என் வேட்டிய நான்தாம்மா துவைக்கிறேன்.”

“அது வேட்டி. இது புள்ளைக்குக் கட்டறது.”

“இதுவும் என் வேட்டிதானே?” என்றேன். உள்ளே கட்டிலில் படுத்திருந்த மனைவி ஜன்னல் வழியாக, “வாத்தியாருக்கே பாடமா? சொன்னா ஏறாது, விடு” என்றாள்.

ஏறவில்லைதான்.

அந்த வேலை என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உள்ளங்கை அளவு இருக்கும் ஒரு பிராணி எப்படி இத்தனை துணியை நனைக்கும் என்று எனக்கு விளங்கவே இல்லை. ஒரு வாளியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு நிமிர்ந்தால் அடுத்த வாளி காத்திருக்கும். செய்தித்தாளைப் பிரித்தால், “அப்பா, துணி!” குளிக்கப் போனால், “அப்பா, துணி!” மோட்டார் போடுவதற்குள் மின்சாரம் போய்விடும். கொல்லைக் கொடி போதாமல் முருங்கை மரத்துக்கும் தூணுக்கும் இன்னொரு கயிறு கட்டினேன்.

இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது அந்தத் துணிகள் காயும் கோலம். சுருங்கி, சொங்கிப்போய், பழுப்பாகத் தொங்கின. எங்கள் கொல்லை தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும். ஒரு காலத்தில் முறுமுறுவென்று கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போன வேட்டி இப்படித் தொங்குகிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. பக்கத்திலேயே என் வேட்டிக்கு வைத்த கஞ்சி வாளி இருந்தது. பொன்னி அரிசி வடித்த கஞ்சி, தண்ணீர் விட்டு இளக்கி, துளி நீலம் கலந்தது. வேட்டியை முக்கி எடுத்தபின் வாளியில் மிச்சம் இருந்தது. அலசிய குழந்தைத் துணிகளை அதில் ஒரு முக்கு முக்கினேன். லேசாகத்தான். துடைக்கும் சதுரங்களையும் சேர்த்து.

வெயிலில் காய்ந்ததும் அவை பளிச்சென்று விறைத்துக்கொண்டு நின்றன. எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை நிறுத்தி, “என்ன சார், லாண்டரி வச்சிட்டீங்களா? துணி இப்படி மின்னுது!” என்றார். அதோடு நான் கெட்டேன். தினமும் முக்க ஆரம்பித்தேன்.

மகள் கேட்காமல் இல்லை. முதல் நாளே துணியைத் தடவிப் பார்த்து, “என்னப்பா, சொரசொரன்னு இருக்கு?” என்றாள்.

“போர் தண்ணி உப்புத் தண்ணிம்மா. கால்சியம், மெக்னீசியம் எல்லாம் நூல்ல படிஞ்சிரும். கசக்கிட்டுக் கட்டு, சரியாயிரும்.”

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புதான். நான் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை. கஞ்சியை மட்டும் சொல்லவில்லை. படித்தவன் சொன்னால் கேள்வி இல்லாமல் போய்விடுகிறது. அவள் கசக்கிக் கட்டினாள்.

புரட்டாசியில் குழந்தையின் இடுக்கிலும் பின்புறத்திலும் சிவந்தது. பிறகு சின்னச் சின்னப் பொரிகள். துணியை அவிழ்த்துத் துடைக்கும்போதெல்லாம் வீறிட்டு அழுதது. மருத்துவர் களிம்பு எழுதிக்கொடுத்து, “துணிய நல்லா அலசறீங்களா?” என்று மகளைப் பார்த்துக் கேட்டார். பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அவள், “அப்பாதான் அலசறாங்க, நல்லாவே அலசறாங்க” என்றாள்.

வீட்டில் என் மனைவி வேறு தீர்ப்பு வைத்திருந்தாள். “இது கரப்பான் புண்ணு. தாய்ப்பால்லேருந்து எறங்குது. நீ என்ன தின்ன?”

“எண்ணெய்க் கத்திரிக்கா வைக்கச் சொல்லி தின்னேன்.”

“தின்னல்ல? அதான்.”

கத்திரிக்காய் நின்றது. அடுத்து மீன் நின்றது, கருவாடு நின்றது. சிவப்பு குறையாததால் தக்காளியும் புளியும் நின்றன. பால் கொடுக்கிற பெண்ணுக்கு அகோரப் பசி. அவள் தட்டில் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் பூண்டுக் குழம்பும்தான். சின்ன வயதிலிருந்தே அவள் கத்திரிக்காய்ப் பைத்தியம். ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே, “அம்மா, நான் பண்ணின ஒரே தப்பு கத்திரிக்கா. கொலகாரிக்குக்கூட ஜெயில்ல இதவிட நல்ல சோறு போடுவாங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கொடிகளைக் கூடத்துக்குள் கட்டினேன். நாற்காலி முதுகில், ஜன்னல் கம்பியில், டி.வி. மேல் எங்கும் துணி. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வீடு முழுக்க ஒரு புளித்த வாடை. பால் வாடை என்று மனைவி சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

ஒரு மத்தியானம் எறும்பு வந்தது. கடிக்காத சின்னக் கறுப்பு எறும்புதான். சுவரில் ஏறிக் கயிற்றின் வழியாகச் சாரை சாரையாகப் போனது. கயிற்றில் மகளின் நைட்டி இருந்தது, துண்டுகள் இருந்தன. அவற்றில் ஒரு எறும்பும் நிற்கவில்லை. கடந்துபோய் இரண்டு இடத்தில் மட்டும் மொய்த்தது. ஒன்று என் வேட்டி. இன்னொன்று குழந்தையின் துணிகள்.

நின்று பார்த்தேன். மருந்துப் பெட்டியிலிருந்து காயத்துக்குப் போடும் அயோடினை எடுத்து ஒரு துணியின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். கருநீலமாக ஓடியது. மாவுச்சத்து இருக்கிறதா என்று பார்க்கும் இந்தச் சோதனையை எத்தனை மாணவர்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். ஈரம் பட்டால் பசையாகி, காய்ந்தால் உப்புத்தாள் போல ஆகிற ஒன்றை அந்தப் பூப்போன்ற தோலில் கட்டிக் கட்டி அவிழ்த்திருக்கிறோம். அழுதபோதெல்லாம் அதையே நனைத்துத் துடைத்திருக்கிறோம்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அந்தக் கறைபட்ட துணியை என் சட்டை அலமாரியின் அடியில் செருகினேன். மற்ற எல்லாவற்றையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் போட்டு அலசினேன். ஒவ்வொரு வாளியிலும் ஒரு துணியின் மூலையில் சொட்டு விட்டுப் பார்த்து, நீலம் வராத பின்தான் காயப்போட்டேன். மழை நாளில் அத்தனையையும் இஸ்திரி போட்டு உலர்த்தினேன்.

“தாத்தாவுக்குப் பேத்தி மேல எம்புட்டுப் பாசம் பாரு” என்றாள் மனைவி. அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

குழந்தைக்குச் சிவப்பு வற்றியது. தோல் பழையபடி ஆனது. என் திருட்டுத்தனத்தில் நான் கணக்குப் போடாத ஒன்று அப்போதுதான் நடந்தது. “பாத்தியா? வாயக் கட்டினதும் புள்ளைக்குச் சரியாப் போச்சு” என்றாள் மனைவி. பத்தியம் ஜெயித்துவிட்டது. ஆகவே இன்னும் இறுகியது. மகளும் நம்பிவிட்டாள். தானே பயந்துபோய் முருங்கைக்காயையும் வாழைப்பூவையும் நிறுத்திக்கொண்டாள். நான் சரிசெய்யச் செய்ய அவள் தட்டு காலியானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிராம்பட்டினத்திலிருந்து மொபெட்டில் வருகிற மீன்காரர் நல்ல கொடுவா கொண்டுவந்தார். சமையல்காரம்மா மீன் குழம்பு வைத்து, தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காயும் செய்தாள். மகள் எதிரில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டாள். எனக்கு இன்னும் கொஞ்சம் கத்திரிக்காய் போட்டார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டேன். இந்த முழு விவகாரத்தில் என்னால் தாங்க முடியாத நினைவு அதுதான்.

கார்த்திகையில் மாயவரத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா, மகளையும் குழந்தையையும் அழைத்துப்போக வந்தார். அன்றைக்கும் எண்ணெய்க் கத்திரிக்காய் செய்திருந்தது. சாப்பாட்டில் உட்கார்ந்ததும் ரசம் மட்டும் இருந்த மகளின் தட்டைப் பார்த்தார். என் மனைவி கரப்பான் கதையை முழுக்கச் சொல்லி, எதையெல்லாம் கொடுக்கக் கூடாது என்று ஒப்பித்தாள்.

“கவலப்படாதீங்க சம்பந்தி. அங்கயும் இதே கட்டுதான். பால் மறக்கிற வரைக்கும் ஒண்ணும் கண்ணுல காட்ட மாட்டேன்” என்றார் அந்த அம்மா.

மகள் தலை நிமிரவில்லை. ரசத்தில் ஒரு பூண்டைத் தள்ளித் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“அது கரப்பான் இல்ல” என்றேன். “துணிக்கு நான் கஞ்சி போட்டேன். அதனால வந்தது.”

ஒருவரும் நம்பவில்லை.

“ஏங்க, பொண்ணுக்குப் பரிஞ்சு பேசறதுக்கும் ஒரு அளவு இல்லையா?” என்றாள் மனைவி.

சம்பந்தியம்மா சிரித்தார். “அண்ணே, மக நாக்குக்காக இப்படியா? மூத்திரத்துணிக்கு எந்த மனுசன் கஞ்சி போடுவான்?”

“நான் போட்டேன்.”

“சும்மா இருங்கண்ணே.”

உண்மையைச் சொன்ன ஒரே ஒரு நாளில் இப்படி. எரிச்சலில் எச்சில் கையோடு எழுந்து உள்ளே போனேன். அலமாரியின் அடியிலிருந்து துணியையும், மருந்துப் பெட்டியிலிருந்து அயோடினையும் எடுத்துவந்தேன். பழைய கறை மங்கியிருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு சொட்டு விட்டேன். கட்டியிருந்த வேட்டியின் ஓரத்தில் ஒன்று. இரண்டும் ஒரே கருநீலம். மகள் தோளில் கிடந்த, கஞ்சி போடாமல் துவைத்த துணியில் இன்னொன்று. அதில் வெறும் பழுப்பு.

மற்ற இருவருக்கும் புரிய நேரம் பிடித்தது. மகளுக்கு உடனே புரிந்துவிட்டது. பள்ளிக்கூடக் காலத்தில் உருளைக்கிழங்குத் துண்டை வைத்து நான் இதை அவளுக்குக் காட்டியிருக்கிறேன்.

“ஒரு துணி கொறையுதேன்னு தேடிட்டிருந்தேன்” என்றாள். பிறகு, “கொடுவா வாங்கின அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“கத்திரிக்கா ரெண்டாந்தடவ போட்டுக்கிட்டீங்களே, அப்பயுமா?”

“ஆமா.”

மனைவிக்கு என்னைத் திட்டுவதா, தன் வைத்தியத்தை நினைத்து வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. “கெட்டிக்கார வாத்தியாரு! வேட்டிக்கும் புள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத வாத்தியாரு!” என்று திட்டுவதையே எடுத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு கத்திரிக்காய்ப் பாத்திரத்தை எடுத்து என் மகளின் பக்கம் நகர்த்தினார். அவள் நிறைய எடுத்துப் போட்டுக்கொண்டாள். என்னைப் பார்க்காமல், கடைசிக் காம்பு வரை சாப்பிட்டாள்.

சாயங்காலம் கார் வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க, அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து உள்ளே வைத்தாள். என் எதிரிலேயே, ஒன்றையும் விடாமல். நான் சோதித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் தேய்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“இது இன்னும் உறுத்துது. அலசிக் குடுங்க.”

“மழையில காயாதேம்மா.”

“ஈரமாவே கவர்ல போட்டுக் குடுங்க. நான் அங்க போயி காயப் போட்டுக்கறேன்.”

கார் காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, குடை எடுக்காமல் குழாயடிக்குப் போனேன்.