சபுரா நீக்கிய வெள்ளிக்கிழமைகள்

செய்தி வந்தபோது நான் உத்திரமேரூரில் ஒரு வங்கியில் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் சபுராவின் தம்பி போன் செய்தார். "அக்கா தவறிட்டாங்க மேடம். நாஷ்டா சாப்ட்டுக்கினு இருந்தாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க" என்றார். அதன் பிறகு என் எண்ணைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. என்னோடு சேர்ந்து பல வருடம் வங்கிகளை அளந்தவள், நான் ஒரு வங்கியில் காத்துக் கிடக்கும் நேரம் பார்த்துப் போய்விட்டாள். கேட்டிருந்தால் அவளே முதலில் சிரித்திருப்பாள்.

அவளை அறிந்தவர்களுக்குத் தெரியும், சிரிப்பு இல்லாமல் அவளுக்கு எந்த வேலையும் ஓடாது. நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் பொருளியல் நடத்தினோம். நாட்டின் நிதி நிறுவனங்களுடைய செயல்திறன் வருடத்துக்கு வருடம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கும் ஒரு பெரிய ஆய்வில், எங்கள் வட்டாரத்துக் கிளைகள் எங்கள் பொறுப்பு. இத்தனை ஊழியர்கள், இவ்வளவு செலவு. அதற்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்பதுதான் கணக்கு. சபுரா அதை இப்படிச் சொல்வாள்: "ஒரே அளவு மாவுல யார் வூட்ல எத்தினி தோசை வருதுன்னு பாக்கறோம். ஆனா தோசை இன்னா சைஸுன்னும் பாக்கணும் இல்ல?"

கிளைக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதை நேரில் போய்த்தான் எண்ணுவோம். எங்களுக்கு வெள்ளிக்கிழமை வகுப்பு குறைவு. அதனால் எல்லா வருடமும் வெள்ளிக்கிழமைதான். கிழமை மாறினால் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட முடியாது என்று சொல்லி அதை உறுதி செய்தவளும் சபுராதான். அப்படி அளந்ததில், பெருநகர் பக்கம் ஒரு கிராமத்துக் கிளை தவறாமல் கடைசியில் நின்றது. ஆய்வைக் கேட்டிருந்த அலுவலகத்துக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தக் கிளையை மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. மூடினால் சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்களெல்லாம் நடவுச் செலவுக்கு அடகு வைக்கும் நகையை மடியில் கட்டிக்கொண்டு, நெரிசலில் உத்திரமேரூர் பஸ் ஏற வேண்டும்.

முடிவெடுக்கும் கூட்டத்துக்குச் சில நாள் இருக்கும்போது, சபுரா ஒரு கல்யாண வீட்டுக்காகப் பெருநகருக்குப் போனாள். அன்று திங்கட்கிழமை. வழியில் அந்தக் கிளையைப் பார்த்தால், வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை. உள்ளே நகைக்கடன் வாங்க வந்தவர்கள் நிற்கக்கூட இடமில்லாமல் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தே எனக்குப் போன் செய்தாள்.

"வசந்தி, எங்க கடையிலயே வெள்ளிக்கெழம வெளக்கு வச்சப்புறம் ஜனங்க காசை வெளிய எடுக்க யோசிப்பாங்க. நகைய எவ எடுத்துக்கினு வருவா? பூட்டின கோயிலுக்கு முன்னால நின்னுக்கினு, ஊர்ல யாருக்கும் பக்தி இல்லன்னு எழுதிக்கினு கீறோம் நாம."

டவுன் கிளைகளுக்கு இதனால் ஒன்றுமில்லை. அங்கே கடைக்காரர்கள் எந்தக் கிழமையிலும் பணம் கட்ட வருவார்கள். நகைக்கடனையே நம்பி நடக்கும் கிராமத்துக் கிளைதான் மாட்டிக்கொண்டது.

கூட்டத்தில் சபுரா எழுந்து, எங்கள் எண்ணிக்கை தப்பு என்றாள். நடத்திய அதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. எல்லா வருடமும் ஒரே முடிவு வந்திருக்கிறதே, அதுவே சரி என்பதற்கு அடையாளம் இல்லையா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சபுரா சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: "தப்பு வருஷா வருஷம் ஒரே மாதிரி வந்தா, அதுக்கு நம்பகம்னு பேர் வச்சுடறோம் சார். கெழமைய முடிவு பண்ணது நான். கிளைய மூடாதீங்க, என் கணக்க மூடுங்க."

அவர்கள் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். கிளையை மூடுவது நின்றது. அடுத்த கட்ட ஆய்வின் தலைமை சபுராவுக்கு வர வேண்டியது, வேறொருவருக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கும் வருத்தம்தான். "பேஜாராத்தான் கீது" என்று ஒளிக்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, ஒவ்வொரு கிழமையிலும் ஒரு நாள் என்று எல்லாக் கிளைகளையும் திரும்ப எண்ணுவதற்கு அட்டவணை போட உட்கார்ந்துவிட்டாள்.

திரும்ப எண்ணியதில் அந்தக் கிளை நடுவில் வந்தது. முதலிடமெல்லாம் இல்லை. இத்தனை பாடுபட்டு நடுவில்தானா என்று ஒரு சக ஆசிரியர் கிண்டல் செய்தார். முதலாவதாக வந்திருந்தால் தனக்கே சந்தேகம் வந்திருக்கும் என்றாள் சபுரா.

பிறகு வரைபடம் போடும்போது இன்னொரு தகராறு. கெட்டுப்போன வருடங்களுக்கு என்ன செய்வது? எங்களுக்கு முன்பிருந்த குழுவின் கடைசிப் புள்ளியையும் எங்கள் புதிய புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டால் பார்க்க அழகாக இருக்கும், வளர்ச்சியும் தெரியும் என்று மேலிருந்து யோசனை வந்தது. சபுரா மறுத்துவிட்டாள். "தெரியாத வருஷத்துக்குத் தெரியாதுன்னு சொல்றதுல இன்னா வெக்கம்?" என்றாள். அந்த வருடங்களின் இடம் வெறுமையாகவே அச்சானது.

அவளை அடக்கம் செய்த அடுத்த வாரம், இந்த வருடத்து வரைபடத்தை நான் அனுப்ப வேண்டியிருந்தது. புதிதாக வந்திருக்கும் அதிகாரி அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு, இப்போதாவது இதை நிரப்பிவிடலாமே என்று மெயில் போட்டிருந்தார். முடியாது என்று எழுதி, காரணத்தையும் விளக்கி, வெறுமையாகவே அனுப்பினேன். சபுராவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அந்த இடைவெளியைத்தான். அதைக் காக்க இனி நான் ஒருத்திதான். நான் போதும்.