கப்பலில் ஜன்னல் கேட்டது நான்தான்

முதலில் நான் கட்டியதையெல்லாம் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் நான் எதையும் ஆரம்பித்ததில்லை.

கலவானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கொழுந்து லொறியில் சாக்கு ஏற்றுகிறவனாகப் போய், கடைசியில் அந்த லொறியையே வாங்கினேன். சுற்றுவட்டாரத்துச் சிங்களச் சிறுதோட்டக்காரர்கள் என் தராசை நம்பித்தான் கொழுந்து போட்டார்கள். அந்தக் காசில் போட்ட உரக்கடை கலவரத்தில் எரிந்தது. கரியை அள்ளிக் கொட்டிவிட்டு அதே இடத்தில் கடை போட்டேன். வெள்ளத்தில் உர மூட்டைகள் சேறாகப் போயின. மறுபடி போட்டேன். இரத்தினபுரியில் மாடி வைத்து வீடு கட்டினேன். மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன். அடையாள அட்டைகூட இல்லாமல் வாழ்க்கையைத் தொடங்கிய மனிதன் நான். இதில் எந்த ஒன்றையும் எனக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

இப்படியெல்லாம் பார்த்துவிட்டதால் இனிமேல் என்னை எதுவும் அதிர வைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

"ஏப்ரல் லீவுல நாங்க எல்லாரும் கப்பல்ல போறோம்."

என் மனைவி பலாக்கொட்டைக் கறியை அள்ளிய கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"யாரைத் திருப்பி அனுப்புறாங்க?" என்றாள்.

மகன் சிரித்தான். மருமகளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எங்கள் வயதுத் தோட்டத்து ஆட்களுக்குக் கப்பல் என்றால் ஒன்றுதான். பெட்டி படுக்கையைக் கட்டி, ரயிலேறி, தலைமன்னார் போய், இந்தியாவுக்கு அனுப்பப்படுவது. என் மனைவியின் அக்கா குடும்பம் அப்படித்தான் போனது. ஒரு வாரம் அழுதுவிட்டுப் போனார்கள். காசு கொடுத்து, குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு, விளையாட்டுக்குக் கப்பல் ஏறுவார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் அவனுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்திருப்பார்கள்.

"சிங்கப்பூருக்கு பிளேன்ல போயி, அங்க ஏறி, கடல்ல சுத்திட்டு அங்கயே வந்து இறங்குறது அம்மா" என்று மகன் விளக்கினான்.

"ஏறின இடத்திலேயே இறங்குறதுக்கு எதுக்குடா ஏறணும்?" என்றேன் நான்.

அன்று இரவே போனில் படம் காட்டினார்கள். கப்பல் என்றா அதைச் சொல்வது? இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டையும் கடைத்தெருவையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தண்ணீரில் விட்டது போல இருந்தது. நீச்சல் தடாகம், நாடக மேடை, சறுக்குமரம், விடிய விடியச் சாப்பாடு. கடலை மட்டும் காட்டிய ஒரு இடத்தில் என் மனைவி, "திருப்பி அதைப் போடு" என்றாள். மகன் போட்டான். மறுபடியும் போடச் சொன்னாள். கொழும்புக்குப் போனபோது இரண்டு முறை கடற்கரையில் நின்றவள்தான். அது தவிர அவள் கடலைப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் குழந்தைகள் இரண்டு. பேரனுக்கு இரண்டரை வயது. பேத்தி இப்போதுதான் நடக்கிறாள், நடக்கிறதாக நினைத்து ஓடுகிறாள். மருமகள் வங்கியில் வேலை செய்கிறாள். கெட்டிக்காரி. பிள்ளைகள் பகலில் சிங்கள அம்மா ஒருத்தியின் காப்பகத்தில் இருப்பதால் இரண்டும் முதலில் கற்றுக்கொண்ட சொல் "எபா". வேண்டாம் என்று அர்த்தம். சோறு எபா, குளிப்பு எபா, தாத்தா எபா.

கப்பலிலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது. நல்லதாகப் போயிற்று என்றேன். மருமகள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மூணு வயசுக்குக் கீழ எடுக்க மாட்டாங்களாம் மாமா. தாயோ தகப்பனோ கூடவே இருக்கணுமாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்தில் எங்களுக்கு நல்ல தண்ணி தரவில்லை, ஒழுங்கான கக்கூஸ் தரவில்லை. ஆனால் பிள்ளை பார்க்கிற அறை, பிள்ளைக் காம்பரா, இருந்தது. தலை நிற்காத குழந்தையைக்கூட அங்கே ஆயா கையில் கொடுத்துவிட்டுத்தான் பெண்கள் மலைக்கு ஏறினார்கள். தொரைமார் செய்ததை இத்தனை பெரிய கப்பல் செய்ய மாட்டேன் என்கிறதே!

"அதுக்கென்ன, மாமி இருக்காங்கதானே" என்றாள் மருமகள். திட்டம் அப்படியே உருவானது. அறை இரண்டு. ஒன்றில் மகனும் மருமகளும். இன்னொன்றில் நாங்கள் இருவரும், கூடவே இரண்டு குழந்தைகளும். எல்லாரும் தலையாட்டினோம். நானும்தான். அப்போது எங்களில் யாரும் என் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

எதையும் அளக்காமல் வாங்க மாட்டேன் என்பது என் தொழில் பழக்கம். அறை எத்தனை அடி என்று கேட்டேன். மகன் போனைத் தடவிப் பார்த்து, குளியலறையைக் கழித்தால் பத்துக்குப் பன்னிரண்டு வரும் என்றான். சரி, அதைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று மாடி ஹாலில் சாக்கு கட்டுகிற நைலான் கயிற்றைப் பிடித்துக் கட்டம் போட்டேன். கட்டிலுக்குப் பாய். அலுமாரிக்கு நாற்காலி. குழந்தைத் தொட்டிலுக்குத் துணி துவைக்கிற பேசின் இரண்டு. பேத்தி ஒரு பேசினுக்குள் ஏறி ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டாள். பேரன் கயிற்றைத் தாண்டி வெளியே ஓடினான். பிடித்து உள்ளே விட்டேன். "எபா!" என்று மறுபடி ஓடினான்.

மகனும் மருமகளும் ஓரத்தில் லேப்டாப்பில் கப்பல் விவரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் என் மனைவி காயப் போட வேண்டிய துணியோடு படியேறி வந்தாள்.

"இது என்னங்க?"

"கப்பல் ரூம். அச்சா இதே அளவு."

வாசலுக்கென்று நான் விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்தாள். துணிக்கூடையை வைத்தாள். நான்கு பக்கமும் பார்த்தாள். பிறகு இடது மூலையைக் கையால் காட்டினாள்.

"அடுப்பு இங்க."

எனக்கு விளங்கவில்லை.

"உங்க அம்மா படுத்தது அந்தப் பக்கம். நடுவுல சேலை கட்டி மறைச்சோம். தொட்டில் இந்த இடத்துல தொங்குச்சு. நீங்க ராத்திரி வந்தா அதுல தலையை இடிச்சுக்குவீங்க."

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாங்கள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, பாதி வயதைக் கழித்த லயக் காம்பரா அது. என் கையாலேயே கயிறு பிடித்து, என் சொந்த வீட்டு மாடியில் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து வெளியே வர நான் பட்ட பாடு கொஞ்சமா?

"ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று மகனைக் கேட்டாள்.

"உள்பக்க ரூம் அம்மா. ஜன்னல் இல்ல. ஆனா ஏசி இருக்கு."

"லயத்துல ஒண்ணு இருந்துச்சு" என்றாள். "பலகை ஜன்னல். திறந்தா மலை தெரியும்."

பிறகு துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டாள். சத்தம் போடவே இல்லை.

"நான் வரல்ல. கடல் காட்டுறேன்னு கூட்டிட்டுப் போய் ஒரு பெட்டிக்குள்ள பிள்ளைக்கு நாப்கின் மாத்தச் சொல்றீங்க. அதை நான் இங்கயே செய்யுறேன்தானே. கடவுச்சீட்டு எதுக்கு?"

அவளோடு குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் மாட்டேன் என்ற சொல்லை அவள் வாயால் நான் கேட்டதில்லை. கடை எரிந்த அன்றுகூட நான் இப்படி விறைத்துப் போகவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "உன்னைய மாடி வீட்டுல கொண்டாந்து வச்சேனே" என்றேன்.

"மாடிக்கு நான் எதுக்கு ஏறுறேன்? துணி காயப் போட."

மருமகள் அவள் கையைப் பிடித்தாள். "மாமி, கோவிக்காதீங்க. நான் முழுசா ஒரு ராத்திரி தூங்கி எவ்வளவு காலம்னு எனக்கே தெரியல. அந்த ஆசையிலதான்..."

"தெரியும் மகள். நானும்தான் தூங்கல. உன் புருஷன் பொறந்ததிலயிருந்து."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னதை மாற்றவில்லை. பால்கனி வைத்த அறை எடுப்போம் என்றான் மகன். அதற்கு மருமகள் நடுங்கிவிட்டாள். பேரன் போன வாரம்தான் கதிரையில் ஏறி, அங்கிருந்து மேசையில் ஏறி, பிரிட்ஜ் உச்சியில் கை வைத்திருந்தான். அவன் இருக்கிற இடத்தில் கடலுக்கு மேலே பால்கனியா? பகலில் எப்படியும் பாட்டியின் அறைக்குத்தானே ஓடுவான்? "பால்கனின்னா என் பிள்ளைகள் வரமாட்டாங்க" என்றாள். மாமியார் பெட்டிக்குள் வரமாட்டாள், மருமகள் பால்கனிக்கு விடமாட்டாள். மகன் லேப்டாப்பை மூடினான். "அப்ப விடுங்க. யாரும் போக வேணாம்."

நான் கயிற்றைச் சுருட்டினேன்.

மறுநாள் அலுமாரியில் நான் உடுக்கிற சாரத்தைத் தேடும்போது என் மனைவியின் கூறைச் சேலைக்குள் ஏதோ தட்டுப்பட்டது. அவளுடைய கடவுச்சீட்டு. பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தாள். தாலிக்கொடியையும் அவள் அங்கேதான் வைப்பாள். அவளுக்குப் போக ஆசை. ஆசை இல்லாதவள் அதை அங்கே வைப்பாளா? அதை இருந்தபடியே மடித்து வைத்துவிட்டு அலுமாரியைச் சாத்தினேன்.

பிறகு பயண ஏற்பாட்டுக் கந்தோருக்கு நானே போன் எடுத்தேன். ஒரு சிங்களப் பிள்ளை பேசியது. மகனும் மருமகளும் அதுவரை எல்லாவற்றையும் திரையில் பார்த்தே முடிவு செய்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. நான் சிங்களத்தில் கேட்டேன். கொழுந்து வாங்கும்போது எப்படிக் கேட்பேனோ அப்படி. "நீங்கள் எனக்கு மட்டமானதையும் காட்டுகிறீர்கள், உச்சமானதையும் காட்டுகிறீர்கள். நடுவில் ஒன்று இருக்குமே, அது எங்கே?"

அந்தப் பிள்ளை கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றது. பெரிய வட்டக் கண்ணாடி ஜன்னல் வைத்த அறை. கடல் முழுக்கத் தெரியும். கண்ணாடியைத் திறக்க முடியாது. குழந்தை தலையால் முட்டினாலும் ஒன்றும் ஆகாது. பால்கனி கிடையாது. "முதலில் ஏன் யாரும் கேட்கவில்லை அங்கிள்?" என்றது. அதைத்தான் நானும் கேட்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் அதைச் சொன்னேன். ஜன்னல் அறை எங்களுக்கு. குழந்தைகள் ராத்திரியில் தாய் தகப்பனோடு. பகலில் மாறி மாறிப் பார்ப்பது. மருமகள் உடனே தலையாட்டினாள். தன் தூக்கம் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி கீரையைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"மாறி மாறின்னா யாரு யாரு?"

"நீ, மருமகள், அவன்."

"நீங்க?"

வீட்டில் இன்னொரு அதிர்ச்சி. நான் என் சொந்த மகனுக்கே கோவணம் மாற்றாதவன்.

"காலையில நீங்க பாருங்க. அந்த நேரம் நான் ஜன்னல்கிட்ட உட்காருவேன். அப்படின்னா வர்றேன்" என்றாள்.

வேறு வழியில்லை, ஒப்புக்கொண்டேன். சொல்லிவிட்டு விடுகிறவனல்ல நான். அந்த வாரமே பேத்தியைக் கட்டிலில் போட்டு நாப்கின் கட்டப் பழகினேன். முதல் தடவை முன்பக்கம் பின்னால் போய்விட்டது. "தாத்தா எபா" என்று கத்தினாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டும் கட்டுவேன். கடைத்தெருவில் என் வயது ஆட்களில் இது தெரிந்த இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள்.

அறைகள் பதிவாகிவிட்டன. நேற்று முன்வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளே மாவனல்லையில் இருக்கும் தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஜன்னல் உள்ள ரூம்டி! என் மருமகள்தான் பிடிச்சுக் குடுத்தா. தங்கமான புள்ள."

பேப்பர் கையிலிருந்து நழுவியது. எழுந்து உள்ளே போனேன்.

"ஜன்னலைக் கேட்டது யாரு?"

போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "கேட்டது நீங்க. விவரமெல்லாம் நிரப்பினது, தூக்கத்தை விட்டுக் குடுத்தது அவ. கேக்குறது ஒரு பெரிய வேலையா? நீங்க எல்லாத்தையும்தான் கேப்பீங்க."

"பெரிய வேலைதான். உங்க யாருக்கும் தோணலையே."

"சரி சரி. தங்கச்சிகிட்ட சொல்லுறேன்" என்று தங்கையோடு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். சொல்லவில்லை. சொல்கிறாளா என்று நான் கடைசி வரை அங்கேயே நின்றேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மருமகள் செய்ததை நான் குறைக்கவில்லை. அவள் பங்கை அவளுக்குக் கொடுங்கள். எனக்கு வேண்டியது என் பங்கு. கப்பல் கரையை விட்டதும் என் மனைவி அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். நான் இரண்டு குழந்தைகளோடு கப்பலின் வேறொரு மாடியில் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன், என்னால் போய்ச் சொல்ல முடியாது. ஆகவே மகனோ மருமகளோ, இரண்டு பேரில் ஒருவர் அவள் பக்கத்தில் நின்று, அவள் காதில் நன்றாக விழும்படி சொல்ல வேண்டும்: இந்த ஜன்னலைக் கேட்டு வாங்கினது உங்க வீட்டுக்காரர். படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினால் அதற்குக் கீழேயும் அப்படியே எழுத வேண்டும். மாவனல்லைக்கு முதலில் அனுப்ப வேண்டும்.