‘காணாம்’ என்றாள் லெப்டினன்ட்

நட்பு நாடுகளின் இராணுவ அதிகாரிகள், மலையாளம் பேசும் எங்கள் நகரத்து முகாமுக்குப் பயிற்சிக்கு வருவதுண்டு. அவர்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை எழுதக் கற்றுத்தர, இலக்கிய மாணவியான என்னைப் பகுதிநேரமாக அமர்த்தினார்கள். அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண், கடலே இல்லாத ஒரு மலைநாட்டின் லெப்டினன்ட். என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஆனாலும் ‘டீச்சர்’ என்றே அழைத்தாள்.

“டீச்சர், போர்ப்பயிற்சியில்கூட நான் இவ்வளவு ரத்தம் சிந்தியதில்லை,” என்பாள், என் சிவப்பு மைத் திருத்தங்களைக் காட்டி.

நான் எளிதில் பழகுகிறவள் அல்ல. வகுப்பு முடிந்தபின் அவளோடு சங்குமுகம் கடற்கரைக்குப் பேருந்து ஏறும் வழக்கம் எப்படித் தொடங்கியது என்று இன்றும் விளங்கவில்லை. கடலைப் பார்த்தபடி பேசாமல் நிற்பாள். நானும் பேசமாட்டேன். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

பயிற்சி முடிந்தால், முகாம் கொடுத்த கைப்பேசி எண்ணை அவள் திருப்பித் தந்துவிட வேண்டும். அதற்குள் அவளுடைய ஊர் முகவரியைக் கேட்டு வாங்க நினைத்தேன். கடைசி வாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் எழுதி எழுதித் திருத்தினேன்.

விடைபெறுவதற்காகக் கிழக்கேகோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். காப்பி குடித்தாள். வாசலுக்கு வந்ததும், முகாம் சமையல்காரர்களிடம் கற்ற மலையாளத்தில், “அப்போ, காணாம்!” என்றாள்.

திருநெல்வேலியிலிருந்து அன்றுதான் வந்திருந்த சித்தி பதறிவிட்டாள். “என்னடி காணாம்ங்கறா? பூட்ஸா? மழையில நனையறதேன்னு நான்தான் உள்ளே எடுத்து வெச்சேன். திருடின்னு பிடிச்சுண்டு போயிடப்போறா!”

இரு கைகளிலும் பூட்ஸை ஏந்திவந்த சித்தியைப் பார்த்து அவள் திகைத்தாள். மலையாளத்தில் அதற்குச் ‘சந்திப்போம்’ என்று பொருள், தமிழிலோ ‘தொலைந்துவிட்டது’ என்று விளக்கினேன்.

“நான் சொன்னது எது, டீச்சர்?”

“மலையாளம்தான்.”

சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்து பூட்ஸின் லேஸைக் கட்டினாள். நீளமான லேஸ், நிதானமாகவே கட்டினாள். முகவரி கேட்க அந்த நேரம் தாராளம். நானோ, ‘காண்’ என்னும் வேர்ச்சொல் இரு மொழிகளிலும் பிரிந்த விதத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து கைகுலுக்கிவிட்டு, தெருமுனையில் நின்ற முகாம் வண்டியில் ஏறிப் போனாள்.

இவ்வாண்டும் வகுப்பெடுக்க அழைத்தார்கள். அவளுடைய நாட்டிலிருந்து யாரேனும் வருகிறார்களா என்று கேட்டேன். இம்முறை இல்லை, அடுத்த குழுவில் வரலாம் என்றார் அலுவலர். எனக்குத் தேர்வு நெருங்குகிறது. ஆயினும் இரண்டு குழுக்களுக்கும் சம்மதித்துக் கையொப்பமிட்டேன்.