ஆடியில் செத்துப்போன நம்பர்

போன வாரம் என் மகள் அவளுடைய அத்தையின், அதாவது என் அக்காவின், போனை வாங்கி அதிலிருந்து ஒரு மெசேஜ் அனுப்பினாள். மறுநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் விரலை வைக்கச் சொல்லி ஒரு புது சிம் வாங்கிக் கொடுத்தாள். மூன்று நாளில் கம்பெனி மாறிவிட்டது, நம்பர் மாறவில்லை. அக்காவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "நம்பரு அப்படியேவா இருக்கும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். என் மகளுக்குச் சிரிப்பு. எனக்கு எரிச்சல்தான் வந்தது, யார் மேல் என்று சொல்லத் தெரியாத எரிச்சல். இவ்வளவு சுலபமான ஒரு காரியத்தை இருபது வருஷம் முன்னால் ஏன் யாரும் கண்டுபிடித்து வைக்கவில்லை என்று நின்ற இடத்திலேயே கோபம் வந்தது.

உங்களுக்கும் அந்த நாள் ஞாபகம் இருக்கும். ரீசார்ஜ் கார்டை வாங்கி நகத்தால் சுரண்டுவோமே, அந்த வெள்ளி மாவு நகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சோறு பிசையும்போதெல்லாம் மின்னும். என் நகத்தில் அதோடு ஜெராக்ஸ் மெஷின் மையும் சேர்ந்திருக்கும். டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான் எனக்கு முதல் வேலை. கம்ப்யூட்டரில் தமிழ் டைப்பும் அடிப்பேன். அப்படி நான் அடித்ததிலேயே ரொம்ப அழகாக அடித்தது எங்கள் அக்காவின் ஜாதகம்.

அதற்கு முன்னால் அக்காவின் ஜாதகத்தில் பி.பி. நம்பர் இருந்தது. பி.பி. என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் பிரஷரா என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டு போன் நம்பரைப் போட்டு, அது நம்முடையது இல்லை என்பதற்கு அடையாளமாக அந்த இரண்டு எழுத்தைப் போடுவது வழக்கம். எங்களுக்கு எதிர்வீட்டு அம்மாவின் போன். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வந்தால் எங்களைக் கூப்பிடுவதற்குள் பாதி விசாரணையை அவரே முடித்துவிடுவார். "பொண்ணு கொஞ்சம் கலரு கம்மி, ஆனா தங்கமான பொண்ணுங்க" என்று அவர் சொன்னதை அப்பா ஒருநாள் தெருவில் நின்று காதாலேயே கேட்டுவிட்டார். அதற்கப்புறம் மூன்று நாள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. நான் சேர்த்து வைத்திருந்த சம்பளத்தில் ஒரு செல்போன் வாங்கினேன். எனக்கென்று சொல்லி வாங்கினாலும் அது அக்கா கல்யாணத்துக்காக வாங்கிய போன்தான்.

ஜாதகத்தை மறுபடி டைப் அடித்தேன். கட்டங்களுக்குக் கீழே என் நம்பரைப் பெரிய எழுத்தில், தடியாகப் போட்டேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "பொண்ணு நானா, நீயாடா?" என்றாள். ஒரு கட்டு ஜெராக்ஸ் எடுத்து தரகரிடம் கொடுத்தோம். வேலூரிலிருந்து விழுப்புரம் வரைக்கும் எத்தனை வீட்டு பீரோவுக்குள் என் நம்பர் போய்ப் படுத்துக்கொண்டதோ, எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பெண் பார்க்க வந்துவிட்டுப் போனவர்களின் கணக்கையும் அவள்தான் வைத்திருந்தாள், நாங்கள் கேட்பதில்லை.

அந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் போளூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். பஞ்சாயத்து ஆபீஸில் கிளார்க். ஒல்லியாக, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் அக்கா தலை வாரிக்கொண்டே, "காபி குடிச்சிட்டு டம்ளர அவரே எடுத்தும்போய் தொட்டி கிட்ட வெச்சாருடா, பார்த்தியா?" என்றாள். நான் பார்க்கவில்லை. ஆனால் அக்கா அதுவரைக்கும் வந்து போன யாரைப் பற்றியும் ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ சொன்னது கிடையாது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவ்வளவுதான், எங்களுக்குப் புரிந்துவிட்டது.

போளூர்க்காரர்கள் போகும்போது, "ஆடி போவட்டும், ஆவணி பொறந்ததும் போன் பண்றோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டு போன் நம்பரும் அவர்கள் கொடுத்த ஜாதகத்தில் இருந்தது. ஆனால் பெண் வீட்டுக்காரர்கள் நாமாக போன் பண்ணக்கூடாது. பண்ணினால் இளப்பமாகப் போய்விடும். இதை அப்பா சொல்லிச் சொல்லி எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆடி பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு மெசேஜ் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. கடைக்கு வந்த காலேஜ் வாத்தியார் ஒருவரிடம் காட்டி அர்த்தம் கேட்டேன். கம்பெனி மூடப்போகிறார்களாம். ஆடிக் கடைசி வரைக்கும்தான் வேலை செய்யுமாம். வாடிக்கையாளர்கள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளவும், இத்தனை நாள் ஆதரவுக்கு நன்றி. எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. நன்றியாம். அந்தக் கம்பெனியின் பெயரைக்கூட நான் சொல்லப்போவதில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்போதெல்லாம் கம்பெனி மாறினால் நம்பரும் மாறும். பழைய நம்பரைக் கையோடு கொண்டுபோக வழியே கிடையாது. கஸ்டமர் கேரில் கேட்கலாம் என்று கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். அப்புறம் பாட்டுப் போட்டார்கள். கடை வாசலில் நின்று அரைமணி நேரம் பாட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு பெண் வந்து, "சாரி சார், அந்த வசதி இல்லைங்க சார்" என்று தேனாகச் சொன்னாள். அவளுக்கும் அந்த மாதத்தோடு வேலை போகப்போகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கத்தினேன். பாவம்.

சரி, ஏதோ ஒரு சிம்மை வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். என் புத்தி அப்படிப் போகவில்லை. இந்தத் தடவை தப்பே பண்ணக்கூடாது, சாகிற வரைக்கும் மாறாத நம்பராக வாங்க வேண்டும் என்று மனசில் ஏறிவிட்டது. எங்கள் வீடு அடி அண்ணாமலையில், மலைக்குப் பின்பக்கம். டவுனில் இருக்கிற டவருக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் அண்ணாமலையார் உட்கார்ந்திருக்கிறார். பழைய கம்பெனிக்கு மட்டும் எப்படியோ எங்கள் மாடித் தண்ணித் தொட்டி கிட்ட சிக்னல் கிடைக்கும். சாயங்காலமானால் போனை அந்தத் தொட்டி மேல் வைத்துவிட்டு ஆள் மாற்றி ஆள் காவல் இருப்போம். புதுசு வாங்கி அது வீட்டில் எடுக்காமல் போளூர்க்காரர்கள் கூப்பிடும்போது அடிக்காமல் போனால்?

பக்கத்தில் சிம் கார்டு கடை வைத்திருந்த என் சிநேகிதன் சேகரிடம் யோசனை கேட்டேன். ஒரு கம்பெனியில் டவர் நல்லா இருக்கு, ரேட்டு ஜாஸ்தி. இன்னொன்றில் ரேட்டு கம்மி, ஆனா மலைக்கு அந்தாண்ட எப்படின்னு தெரியல. மூன்றாவது இப்பத்தான் வந்திருக்கு, இதையும் மூடுவானா மூடமாட்டானான்னு அந்த அண்ணாமலையாருக்குத்தான் தெரியும். இப்படிச் சொன்னால் யார்தான் முடிவெடுப்பது? அவனே ஒரு வழியும் சொன்னான். மூன்று போனில் மூன்று கம்பெனி சிம்மைப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மலையைச் சுற்றி வந்து பார்த்துவிடலாம் என்றான். எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. சிரிக்காதீர்கள்.

செருப்பு இல்லாமல்தான் நடந்தோம், கிரிவலப் பாதையில் வேறு காரியத்துக்குப் போனாலும் செருப்புப் போட மனசு வராது. இந்திர லிங்கத்தில் மூன்று போனிலும் நாலு நாலு கோடு. எம லிங்கம் தாண்டினதும் ஒன்று படுத்துக்கொண்டது. நிருதி லிங்கத்தில் இரண்டாவது. கோயில் கோயிலாக நான் கும்பிடாமல் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு போனதை, மரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு சாமியார் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் காவித் துணி மூட்டையை அவிழ்த்து உள்ளேயிருந்து ஒரு செல்லை எடுத்துக் காட்டினார். "இந்தாண்ட எதுவும் எடுக்காதுப்பா, நானே டவுனுக்குப் போய்த்தான் பேசறேன்" என்றார். வருண லிங்கம் தாண்டி எங்கள் ஊருக்குள் நுழையும்போது மூன்றாவது போனில் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. உச்சி வெயிலில் கால் கொப்பளித்து வீட்டுக்குப் போனேன். அக்கா பள்ளிக்கூடப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். என் காலைப் பார்த்தாள். "ஏதாவது ஒண்ணு வாங்கிட்றா" என்றாள். அப்புறம் தலையைக் குனிந்து பேப்பர் திருத்தினாள்.

வாங்கவில்லை. அந்த வாரம் ரேட்டு குறையப் போகிறது என்றான் ஒருத்தன். எங்கள் ஊருக்கே டவர் வரப்போகிறது, யார் நிலத்திலோ குழி தோண்டுகிறார்கள் என்றான் இன்னொருத்தன். அப்பா தன் பங்குக்கு, மல்லாட்டைக் கொல்லையிலிருந்து, அதாவது எங்கள் நிலக்கடலை வயலிலிருந்து, வந்து கால் கழுவிக்கொண்டே, "கடைசி நாலு நம்பராவது பழைய மாதிரியே கேளுடா" என்றார். அதற்கு ஒரு வாரம் அலைந்தேன். மூன்று வாரம் போய்விட்டது. ரேஷன் கார்டு ஜெராக்ஸும் போட்டோவும் சட்டைப் பையிலேயே கிடந்து வியர்வையில் ஊறின.

பழைய நம்பர் நிற்பதற்கு இரண்டு நாள் முன்னால் அந்த மூன்றாவது கம்பெனி சிம்மை வாங்கினேன். கடைசி நாலில் ஒன்றுகூடப் பழையதோடு பொருந்தாத நம்பர். தரகருக்குப் போன் கிடையாது, காலையில் தேரடித் தெரு டீக்கடையில்தான் பிடிக்க முடியும். பிடித்து, நம்பரை எழுதிக் கொடுத்து, போளூரில் சொல்லிவிடச் சொன்னேன். அவர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆடில கல்யாண விஷயமா ஒரு வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேம்பா. ஆவணி பொறக்கட்டும், மொத வேலையா போறேன்" என்றார். வாசப்படி மிதிக்க வேண்டாம், ஒரு நம்பரைத்தானே சொல்ல வேண்டும் என்று கெஞ்சினேன். மனுஷன் டீயை ஆற்றிக் குடித்தாரே தவிர அசையவில்லை. அப்பாவிடம் போய், நாமே ஒரு போன் பண்ணிவிடலாம் என்றேன். அப்பா எழுந்து மல்லாட்டைக் கொல்லைக்குப் போய்விட்டார்.

ஆவணி பிறந்ததும் தரகருக்குக் காய்ச்சல். பத்து தேதிக்கு மேல்தான் போளூருக்குப் பஸ் ஏறினார். அதற்குள் அங்கே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள், வேறு பெண்ணுக்கு. ஆவணி முதல் தேதியே காலையில் எங்களைத்தான் முதலில் கூப்பிட்டார்களாம். நாலைந்து நாள் விடாமல் கூப்பிட்டார்களாம். நீங்கள் டயல் செய்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருந்தாளாம். பெண் வீட்டுக்காரர்களுக்கு விருப்பமில்லை, அதனால் நம்பரை மாற்றிக்கொண்டார்கள் என்று நினைத்தார்களாம். தரகர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லும்போது என் புது போன் சட்டைப் பையில் இருந்தது. சிக்னல் இல்லை.

அக்கா அழவில்லை. மிச்சமிருந்த ஜாதக ஜெராக்ஸ்களில் நம்பரை அடித்துவிட்டு மாற்றி எழுதலாம் என்று நான் எடுத்தபோது, வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதற்கப்புறம் அதை வெளியே எடுக்க விடவேயில்லை. இத்தனை வருஷமும் நான் அந்தக் கம்பெனியைத் திட்டினேன், தரகரைத் திட்டினேன், அப்பாவை அவர் போன பிறகும் மனசுக்குள் திட்டினேன். ஆடி மாதத்தையே திட்டியிருக்கிறேன்.

போன வாரம் என் மகள் சிம் மாற்றிக் கொடுத்துவிட்டு எழுந்து போன பிறகு அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, "அப்ப ஒருநாள் நானே போன் பண்ணேன்டா, போளூருக்கு" என்றாள். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு மஞ்சள் எஸ்.டி.டி. போன் பூத் இருந்தது. ஆடியில், நான் கால் கொப்பளித்து வந்ததற்கு மறுநாள், பள்ளிக்கூடம் விட்டு அதற்குள் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். நம்பர் அவளுக்கு மனப்பாடம். எடுத்தது அவர்தான்.

"யாருங்கன்னு கேட்டாரு. நல்ல கொரலுடா. எங்க நம்பரு மாறப்போவுதுன்னு சொல்லலாம்னுதான் போனேன். புது நம்பரு என்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது? நீதான் இன்னும் வாங்கலியே. வெச்சிட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, வெளியே காயப்போட்ட துணியை எடுக்கப் போனாள். நான் நேற்று வேலையில்லாமலே கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறிப் போய் வந்தேன். அந்த பூத் இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை. பூத் எப்போது போனது என்று ஜூஸ் போடுகிறவரைக் கேட்டேன், இங்கே பூத் இருந்ததா என்று அவர் என்னைக் கேட்டார்.