செய்மதிக்குப் போர்த்திய வைக்கோல்

வானத்திலிருந்து செய்மதி எடுத்த படத்தை வைத்துப் போட்ட வரைபடம் மேசையில் விரிந்திருந்தது, முழுக்கச் சிவப்பு. சிவப்பென்றால் கடுமையான மண்ணரிப்பு. நாவிதன்வெளிப் பக்கம் பற்றி எரிவதைப் போல இருந்தது. எங்கள் மண் பாதுகாப்பு ஒபிஸின் பிரதிப் பணிப்பாளர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். நிலைமை மோசமென்றால்தானே திட்டத்துக்குப் பணம் வரும்.

"சேர், இது மழைக்கு முந்தின புழுதி உழவு மாதத்துப் படம். அப்ப எல்லாரும் உழுது போட்டிருப்பாங்க. எங்க பார்த்தாலும் வெறும் மண்தான் தெரியும்" என்றேன்.

"மழை மாதத்துப் படமெல்லாம் ஒரே முகில், மிஸ். முகில் இல்லாத படத்தைத்தானே எடுக்கலாம்?"

அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் பகுதியில் மண் கரைந்து ஓடுவது மாரி மழையில். அந்த நேரம் எங்கள் செய்மதிக்கு முகிலின் முதுகுதான் தெரியும். ஆகவே மண் ஓடாத மாதத்தில் படம் எடுத்து, மண் ஓடுகிறது என்று அறிக்கை எழுதினோம். ஜீ.ஐ.எஸ். என்று கம்ப்யூட்டர் வரைபடம் படித்துவிட்டு இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் இதை நம்பமாட்டார்கள். கொஞ்ச நாள் ஒபிஸில் இருந்தால் நம்புவார்கள்.

அடுத்த படத்திலும் சிவப்பாக இருந்தால் சரிவான அரச காணியில் பயிர் செய்யும் பேர்மிட்டுகள் ரத்து என்று சேர் முடிவெடுத்தார். அதைப் போய்ச் சொல்லும் புண்ணிய வேலை எனக்கு. அந்தச் சரிவில் சோளம் போட்டவர்களில் ஒருவர் பரீதா ராத்தா. சாய்ந்தமருது ஆள், மாப்பிள்ளை மௌத்தாகி, தனி ஆளாக நின்றவர். பிள்ளைகளின் சாப்பாடும் படிப்பும் அந்தக் காணியில்தான். அவரிடம் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

"அல்லாஹ்வே, என்ன மிஸ் இது? உழாம எப்பிடி விதைக்கிற?"

"எனக்கு விளங்குது ராத்தா. ஆனா வரைபடத்துக்கு விளங்காதே."

ராத்தா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். "வானத்தில இரிந்து பாக்கக்குள்ள வெறும் மண் தெரியக்கூடா. அவ்வளவுதானே?"

அடுத்த முறை போனபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிந்தவூரில் தம்பியின் வயலில் எரிக்க இருந்த வைக்கோலை லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றி வந்து காணி முழுக்கப் பரப்பியிருந்தார். காற்று அள்ளிப் போகாமலிருக்க, கடற்கரையில் கரைவலை இழுக்கும் மீனவரிடம் வாங்கிய பழைய வலைகளை மேலே விரித்துக் கட்டையடித்திருந்தார். பக்கத்துக் காணிக்காரர்களும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள்.

மழை வந்தது. சிரித்த காணிக்காரர்களின் மேல்மண் கரைந்து கீழே உள்ள குளத்துக்குப் போனது. வலையைச் சுருட்டி, வைக்கோலை விலக்கி விலக்கிச் சோளம் ஊன்றியிருந்த ராத்தாவின் மண் இருந்த இடத்திலேயே இருந்தது. முகில் விலகிய ஒரு நாள் படம் கிடைத்தது. வைக்கோலையும் வெறும் மண்ணையும் பிரித்துக் காட்டும் அலைவரிசையில் போட்டுப் பார்த்தேன். அந்தச் சரிவில் சிவப்பில்லாத காணி அது ஒன்றுதான்.

"பார்த்தீங்களா மிஸ், எங்கட விழிப்புணர்வுச் செயலமர்வின் வெற்றி!" என்றார் சேர். ராத்தா எந்தச் செயலமர்வுக்கும் வந்ததில்லை. திட்டத்துக்குப் பணம் தந்த வெள்ளைக்காரர்களை அழைத்துக்கொண்டு சேர் காணிக்கே வந்துவிட்டார். ஏன் வைக்கோல் போட்டீர்கள் என்று அவர்கள் கேட்டார்கள்.

"உங்கட செய்மதிக்குப் பயந்துதான். வேற என்னத்துக்கு?" என்றார் ராத்தா.

சேர் கண் இமைக்காமல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: இந்தப் பெண்மணி மண்ணைத் தன் பிள்ளையைப் போல நேசிக்கிறாராம். எல்லோரும் கை தட்டினார்கள். ராத்தாவின் பேர்மிட் புதுப்பிக்கப்பட்டது; மற்றவர்களுக்கு அடுத்த படம் வரை தவணை கிடைத்தது. எனக்கு அது போதும்.

திட்டம் முடிந்து வெள்ளைக்காரர்கள் வேறு நாட்டுக்குப் போனார்கள். சேர் பதவி உயர்வோடு கொழும்புக்குப் போனார். படம் பார்த்த கம்ப்யூட்டரில் இப்போது லீவு விண்ணப்பம் அடிக்கிறார்கள். நான் பென்ஷனில் போன பிறகு ஒரு நாள் கல்முனைச் சந்தையில் ராத்தாவைக் கண்டேன்.

"மிஸ், இப்ப எங்கட சரிவு முழுக்க வைக்கோல்தான். ஆனா செய்மதியெல்லாம் நிப்பாட்டிட்டாங்க எண்டு ஒரு கதை வந்திரிக்கி. அது மெய்யெண்டா எல்லாரும் விட்டிருவாங்க. அது இன்னமும் மேலால போகுதா?"

"ஓம் ராத்தா, போகுது" என்றேன்.

போவது உண்மை. கீழே அதைப் பார்க்க ஒருவரும் இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாகக் கற்ற மண் பாதுகாப்பு முறை அது ஒன்றுதான்.