அஞ்சலையின் மடக்கு நாற்காலி

நம் பங்குக் கோயிலின் அன்பியக் குழுச் சொந்தங்கள் எல்லாருக்கும் சவரிமுத்துவின் வணக்கம். கருவடிக்குப்பத்தில் முட்டுச்சந்தின் கடைசி வீடு என்னுடையது. பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். ஆலை மூடிய பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் மிஷின் பார்த்தேன். இரண்டரை வருடம் என்னைக் கோயிலில் காணாமல், பிரான்சில் இருக்கும் மகளிடம் போய்விட்டான் என்று உங்களில் சிலர் பேசிக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். நான் எங்கும் போகவில்லை. வீட்டுக்குள்ளேதான் இருந்தேன்.

என் மனைவி லூர்து இறந்து ஐந்து வருடம் ஆகிறது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "கல்லறத் திருநாளுக்கு மட்டும் வந்துடுங்க. பக்கத்துல எல்லாம் மெழுகுவத்தி எரியும், என்னுது மட்டும் இருட்டா கிடக்கும்." வருகிறேன் என்று சொன்னேன். முதல் இரண்டு வருடம் நவம்பர் இரண்டாம் தேதி தவறாமல் போனேன். மூன்றாம் வருடம் தவக்காலத்தில், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க ஏறியவன் பாசியில் வழுக்கி விழுந்தேன். முதுகுத்தண்டில் அடி. வலது கால் சுத்தமாகப் போய்விட்டது. இடது காலை ஊன்றி, எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பேன். ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

இனி நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்ல வேண்டும். ஆண்டவர் எனக்குச் செய்ததற்குச் சாட்சி சொல்வது என்றால் அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது சக்கர நாற்காலி வாங்க வேண்டும் என்றார்கள். மகள் ஸ்டெல்லா பிரான்சில் இருந்தபடியே கடைக்காரரையும் என்னையும் வீடியோவில் சேர்த்துவிட்டாள். அவர் இரண்டு நாற்காலிகளைக் காட்டினார். ஒன்று மடங்குவது. இன்னொன்று கனமான இரும்புக் குழாயில் ஒரே வெல்டிங்காகச் செய்தது. "ஆட்டோல ஏத்தணும்னா மடக்குறதுதான் சார் சரி. வூட்லயும் எடம் அடைக்காது" என்று அவர் சொல்லத்தான் சொன்னார். நான் கேட்டால்தானே? ஆலையில் எங்களுக்கு மிஷின் என்றால் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலில் தேயும். வாழ்நாள் முழுவதும் தேய்ந்த மூட்டுகளை மாற்றிப் பிழைத்தவன் நான்.

"மடக்குறது வேணாம் ஸ்டெல்லா. மூட்டு தேஞ்சி பாதி வழியில கவுத்துடும். ஒரே வெல்டிங்கா இருக்குதே, அத எடு" என்றேன். அப்பாவுக்குத் தெரியாததா என்று அவளும் அதையே வாங்கிவிட்டாள்.

நாற்காலி வந்தது. நல்ல நாற்காலிதான். அசையாது, ஆடாது, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு ஆட்டோவை வரச் சொன்னேன். டிரைவர் வந்து நாற்காலியை நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், தலைகீழாக்கியும் பார்த்தார். அது ஏறினால் எனக்கு இடம் இல்லை. நான் ஏறினால் அதற்கு இடம் இல்லை. "ரெண்டு ட்ரிப்பா அடிச்சிடலாமா சார்?" என்றார் பாவம். முதலில் நான் போய் எங்கே உட்காருவது? நாற்காலி முதலில் போனால் அதன் பக்கத்தில் யார் நிற்பது? போகச் சொல்லிவிட்டேன். கோயிலுக்கும் ஆட்டோவில்தான் போக வேண்டும், அதுவும் அப்படியே நின்றுபோனது.

அடுத்த வருடம் நம் பங்குக் கோயில் தம்பிகள் விஷயம் தெரிந்து, சரக்கு வண்டி கொண்டு வருகிறோம் என்று போன் செய்தார்கள். "ஏத்தி எறக்கிக் கயிறு கட்ட நான் என்ன பீரோவா?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அந்தத் தம்பிகளிடம் இந்த எழுத்து மூலமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அன்று சாயங்காலம் லூர்துவின் போட்டோ முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவள் கேட்டது அது இல்லை என்று எனக்கே தெரியும்.

வெளியே போகாத வீட்டில் நாள் எப்படிப் போகும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மெஸ்காரர் மதியம் வந்து கேரியரை ஜன்னலில் வைப்பார். "வெச்சிட்டுப் போப்பா" என்பேன். சில நாள் நான் பேசிய பேச்சே அவ்வளவுதான். முட்டுச்சந்து என்பதால் வழி தவறி வருகிறவர்கள் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்புவார்கள். கேட் ஓசை கேட்கும்போதெல்லாம் யாரோ என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று சட்டையைச் சரிசெய்துகொள்வேன். யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு சரிசெய்வதையும் விட்டுவிட்டேன்.

இதை மகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள். "பூசைக்குப் போனியாப்பா?" "போனேன்." "சாமியார் என்ன பிரசங்கம் வெச்சாரு?" அதற்காகவே காலையில் யூடியூபில் ஒரு திருப்பலியைப் பார்த்து வைத்திருப்பேன். இரண்டு வருடம் இப்படிப் பொய் சொன்னேன். வாங்கிக் கொடுத்த நாற்காலி வேலைக்கு ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது? அதை எடு என்று சொன்னவனே நான்தானே.

போன வருடம் மழைக்காலம் தொடங்கியபோது எனக்குப் பயம் வந்தது. மூன்றாவது கல்லறைத் திருநாளும் வரப்போகிறது. இந்த வருடமும் போகாவிட்டால் இனி போகவே மாட்டேன் என்று உள்ளே ஏதோ சொன்னது. மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் பிடித்தேன். எட்டு நாளும் ஒரே மன்றாட்டு: என் காலைக் கொடு, நான் நடந்து போகிறேன். கேட்டேன், கெஞ்சினேன், கோபத்தில் ஜெபமாலையைக் கட்டிலில் எறிந்தும் இருக்கிறேன். ஒன்பதாம் நாள் விடிந்தபோது கேட்பதற்குத் தெம்பு இல்லை. அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, கால் வேணாம். என்னை அவகிட்ட கொண்டுபோய் விட்டுடு. எப்படின்னு நான் கேட்க மாட்டேன்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

அன்று பகலிலேயே நல்ல மழை பிடித்தது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அஞ்சலை வாசலில் நின்றாள். கடற்கரைக் குப்பத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போனவர். வெகுநாள் படுக்கையில் இருந்து ஆடி மாதம் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அவள் வந்தது அன்றுதான்.

"ஃபிட்டர் அண்ணே, மழ வுடுற வரைக்கும் இங்க ஒதுங்கிக்கவா?"

"ஒதுங்கு. யாரு வேணான்றது."

எப்போதும் தலையில் அன்னக்கூடையோடு வருகிறவள், அன்று எதையோ தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். பார்த்தால், ஒரு சக்கர நாற்காலி. அதன் மேல் இரண்டு மீன் கூடைகள். கூடைகளை இறக்கி ஓரமாக வைத்தாள். நாற்காலியின் உட்காரும் துணியை நடுவில் பிடித்து மேலே ஒரு இழு இழுத்தாள். இரண்டு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. அதை ஒரு கையால் தூக்கி, கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சாண் இடத்தில் செருகிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"அஞ்சல, அத இன்னொரு வாட்டி விரிச்சி மடக்கு."

"எதுக்குண்ணே?"

"மடக்கேன், பாக்கணும்."

விரித்தாள், மடக்கினாள். "அவர ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவ வாங்குனது. அவரு போயிட்டாரு, இது நிக்குது. எனக்கும் கழுத்து வலி. சும்மா ஏன் கிடக்கணும்னு கூடைய வெச்சி தள்ளினு வரேன்" என்றாள்.

அதை என் பக்கத்தில் கொண்டு வரச் சொல்லி, குனிந்து அடியில் கைவிட்டுப் பார்த்தேன். இரண்டு குழாய்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே போகின்றன. நடுவில் ஒரே ஒரு போல்ட். இதுதான் உடையும் என்று இரண்டரை வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அவளை உட்காரச் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டே உட்கார்ந்தாள். அவள் எடை இறங்க இறங்க அந்தக் குழாய்கள் இரண்டு பக்கச் சட்டத்தின் பள்ளத்திலும் போய்ப் பொருந்தி, அசையாமல் இறுகின. பாரம் ஏறினால் ஆடும் என்று நான் நினைத்தேன். பாரம் ஏறினால்தான் அதற்குப் பிடிமானமே வருகிறது. ஒரு ஃபிட்டருக்கு இது தெரியாமல் போனது. தெரிந்துகொள்ள மனமில்லை என்பதுதான் உண்மை. மடங்காமல் இருந்தது நாற்காலி மட்டும் இல்லை, நானும்தான்.

"கல்லறத் திருநாளுக்கு அக்காவப் பாக்கப் போவலியாண்ணே?" என்றாள் அஞ்சலை. லூர்துவிடம் பேரம் பேசியே சிநேகம் ஆனவள் அவள்.

"ரெண்டு வருஷமா போவல." என் நாற்காலியைக் காட்டினேன்.

அவள் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இது நாற்காலி இல்லண்ணே, கட்டிலு. இத வெச்சினு எங்க போவீங்க?" பிறகு சாதாரணமாகச் சொன்னாள், "இதுல குந்துங்க. நானும் வரேன்."

மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. அந்த நாற்காலியில் நானா, அதுவும் கல்லறைத் தோட்டத்தில், ஊரே கூடியிருக்கும்போதா என்று பழைய சவரிமுத்து உள்ளே எழுந்தான். ஆனால் எப்படி என்று கேட்க மாட்டேன் என்று காலையில்தானே சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன். "சரி அஞ்சல" என்றேன்.

அன்றே ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். "போன வாரம் பிரசங்கம் சொன்னியேப்பா?" என்றாள். "யூடியூப்ல கேட்டது." அழுதாள். "அப்பா நல்லா இருக்காரு, வாரா வாரம் கோயிலுக்குப் போறாருன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லினு இருந்தேம்பா." நானும் அழுதேன். உடனே மோட்டார் வைத்தது வாங்கலாம் என்றாள். வேண்டாம், மடங்குவதாக வாங்கு என்றேன். ஆட்டோ, வாசல், கழிவறைக் கதவு எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து சொன்னேன். அஞ்சலையுடையதில் சின்னச் சக்கரங்கள்தான், யாராவது தள்ள வேண்டும். எனக்குப் பின்சக்கரம் பெரியதாக, நானே உருட்டுகிற மாதிரி, மடக்கும்போது கழற்றிக்கொள்கிற மாதிரி வேண்டும். கால் வைக்கும் பலகையும் தனியாக வர வேண்டும். நானே ஒரு கையால் தூக்கும் கனத்துக்கு மேல் போகக் கூடாது. அப்படி ஒன்று கிடைத்தது. ஆனால் திருநாளுக்குப் பிறகுதான் வரும் என்றார்கள்.

ஆகவே மீன் நாற்காலியில்தான் போனேன். அஞ்சலை அதைப் புளியும் சோப்பும் போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்தாள். வாசனை போகவில்லை. வந்தது அதே ஆட்டோக்காரர். "ரெண்டு ட்ரிப்பா சார்?" என்றார். "ஒரே ட்ரிப்பு" என்றேன். நாற்காலி மடங்கி என் முழங்காலுக்கு முன்னால் நின்றது. லாஸ்பேட்டை ரோட்டில் ஸ்கூட்டர்களில் போகிற பிள்ளைகளை எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே போனேன்.

கல்லறைத் தோட்டத்தில் மழையில் நனைந்த மணல். பத்தடியில் முன்சக்கரம் புதைந்துவிட்டது. எனக்கு உயிர் போயிற்று. இவ்வளவு தூரம் வந்து இங்கே நிற்க வேண்டுமா என்று கண் கலங்கியது. "மணல்ல முன்னாடி தள்ளக் கூடாதுண்ணே, பின்னாடி இழுக்கணும்" என்று சொல்லி அஞ்சலை நாற்காலியைத் திருப்பினாள். மணலிலேயே வளர்ந்தவள். அவள் இழுக்க இழுக்க, போகிற இடம் தெரியாமல், வந்த வழியை மட்டும் பார்த்தபடி நான் போனேன். இரண்டு பக்கமும் பூவும் மெழுகுவர்த்தியும் ஊதுவத்திப் புகையும். பிறகு நின்றாள். திருப்பினாள்.

லூர்துவின் பெயர் பாதி அழிந்திருந்தது. முழங்கால் உயரம் புல். சுற்றிலும் எல்லாக் கல்லறையிலும் வெளிச்சம், அவள் சொன்னபடியே அவளுடையது மட்டும் இருட்டு. அஞ்சலை செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லைப் பிடுங்கினாள். நான் மெழுகுவர்த்தியை ஏற்றினேன். காற்றில் இரண்டு முறை அணைந்தது. மூன்றாம் முறை நின்றது. "லூர்து, வந்துட்டேன்" என்றேன். என் மேல் மீன் வாசனை. ஞாயிறு தவறாமல் மீன் குழம்பு வைத்தவள் அவள். வந்தது யார் என்று அவளுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

ஆண்டவர் அன்றைக்கும் தம் சீடர்களாக மீன்காரர்களைத்தான் அழைத்தார், இன்றைக்கும் எனக்கு ஒரு மீன்காரியைத்தான் அனுப்பினார். நான் கேட்ட காலை அவர் கொடுக்கவில்லை. கேட்டுவிட்டு வழியை அவரிடம் விட்ட அன்றே வழி வாசலுக்கு வந்தது. அதற்காகத் தினமும் அவருக்கு நன்றி சொல்கிறேன். பழைய நாற்காலி ஒரு முதியோர் இல்லத்துக் கூடத்தில் பயன்படுகிறது, அங்கே அதை யாரும் ஆட்டோவில் ஏற்ற வேண்டியதில்லை. என்னுடைய புதியது கதவுக்குப் பின்னால் மடங்கி நிற்கிறது. ஞாயிறு காலை கோயிலில் கடைசி வரிசை ஓரத்தில் என்னைப் பார்ப்பீர்கள். பிரசங்கத்தை நேரில் கேட்டு மகளுக்குச் சொல்கிறேன். தனிமை போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். மதியம் வீடு இன்னமும் அமைதியாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் பங்கில் வெளியே வர முடியாமல், கேட் ஓசைக்குச் சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த வழியில்தான் ஆண்டவர் வர வேண்டும் என்று சொல்லாதீர்கள். அவரை நம்பி, கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். அதுவரை பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டுமானால் அன்பியத்தில் சொல்லி அனுப்புங்கள். நான் வருகிறேன். என் நாற்காலி எந்த ஆட்டோவிலும் ஏறும்.