பனிக்குள் ஒரு பெரிய டிரம்

பள்ளி பேண்டில் எனக்குப் பெரிய டிரம் கிடைத்ததற்கு இசை ஞானம் காரணமில்லை, வயிறுதான். சங்கராபுரத்தில் எங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே, அதை மாட்டிக்கொண்டு முன்னால் குப்புற விழாமல் நிற்கக்கூடிய உடம்பு என்னுடையது ஒன்றுதான்.

எங்கள் பேண்டில் இரண்டே சட்டங்கள். டிரம் நிதானமாக ஒலித்தால், அடிக்கு ஒரு எட்டு நடக்க வேண்டும். விடாமல் படபடவென்று ஒலித்தால் அவரவர் வழியில் கலைந்து போக வேண்டும். எனக்கோ பயம் வந்தால் கை வேகமாகிவிடும். விளையாட்டு விழாவில் சிறப்பு விருந்தினரின் மீசையைப் பார்த்தேன், கை பறந்தது. மொத்தப் பள்ளியும் கலைந்துபோனது. பாதிப் பேர் பஸ் ஸ்டாண்டையே எட்டிவிட்டார்கள். மைதானத்தில் மீசையும் நானும் மட்டும் நின்றோம்.

அன்றிலிருந்து பி.டி. சார் தினமும் சாயங்காலம் என்னை நிறுத்தி வைத்து எண்ண வைத்தார். ஒன்று, இரண்டு. ஒன்று, இரண்டு. நடுவில் காதருகே வந்து விசில் ஊதுவார். கை மாறக் கூடாது.

"பயந்தா காலால பயப்புடுடா. கைய வுட்டுடு!"

அந்த மார்கழியில் மலைமேல் இருக்கும் கரியாலூரில் ஒரு பள்ளி விழாவுக்கு வாசிக்கப் போனோம். சாப்பிட்டு முடித்து வேன் கிளம்பும் நேரத்தில், புல்லாங்குழல் வாசிக்கும் நான்கு மாணவிகளைக் காணவில்லை. மரவள்ளிக் கொல்லையைத் தாண்டியிருக்கும் பாறைக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். அதற்குள் பனி இறங்கிவிட்டது. பத்தடி தள்ளி நின்ற வேனே கண்ணுக்குத் தெரியவில்லை. செல்போனில் டவர் இல்லை.

சார் கத்தினார். தூரத்திலிருந்து பதில் வந்தது: "சார், வழி தெரியல சார்!"

"அங்கயே நில்லுங்க!"

அவர்களுக்கு அது சரியாகக் கேட்கவில்லை போலும். அடுத்த குரல் இன்னும் தள்ளிக் கேட்டது. தப்பான பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பாறை முடிந்து பள்ளம் தொடங்குகிறது. அதன்பிறகு குரலே வரவில்லை. சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"டிரம்ம மாட்டுடா."

மாட்டினேன். நிதானமாக அடித்தால் சத்தம் வரும் திசைக்கு நடந்து வருவார்கள். கை பறந்தால் பள்ளத்தோரம் நாலு பேரும் நாலு பக்கம் கலைவார்கள். மீசையை நினைத்துக்கொண்டேன்.

ஒன்று, இரண்டு.

முழங்கால் இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. சார் சொன்னபடி காலால்தான் பயந்துகொண்டிருந்தேன். இருபது அடி, முப்பது அடி. பனிக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை. ஓடு ஓடு என்றது கை. எங்கோ ஒரு கல் உருண்டு விழும் சத்தம் கேட்டது. மூச்சு நின்றது, கையும் நின்றுவிட்டது. ஒரே ஒரு அடி தவறியது. சார் என் தோளைப் பிடித்தார். மறுபடி ஒன்று, இரண்டு.

அப்போது கேட்டது புல்லாங்குழல். நாங்கள் வழக்கமாக வாசிக்கும் அதே நடைமெட்டு, என் அடியோடு ஒட்டி. சுருதி சேரவில்லை; வாசித்தவளுக்கு உதடு நடுங்கியிருக்க வேண்டும். ஆனால் தாளம் பிசகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது கிட்டே வந்தது.

வெள்ளைக்குள்ளிருந்து நான்கு பேரும் வரிசையாக வந்தார்கள். முன்னால் வந்தவள் வாயில் குழல். மற்ற மூவரும் முன்னால் போகிறவளின் தோளில் கை வைத்து, கால் மாறாமல் நடந்து வந்தார்கள். என் எதிரே வந்து, அணிவகுப்பு முடிந்ததுபோல் ஒரே நேரத்தில் காலைத் தட்டி நின்றார்கள். முதல் மாணவி குழலை இறக்கி என்னை முறைத்தாள்.

"இன்னாடா, நடுவுல ஒரு அடிய வுட்டுட்ட? நாலு பேரும் ஒரு கால தூக்கினு அப்படியே நின்னுகினு இருந்தோம்!"

"எங்க நின்னீங்க?"

"பாறை மேலதான். எனக்குப் பக்கத்துல இருந்த கல்லு ஒண்ணு உருண்டு போச்சு. எங்க போச்சுன்னு தெரியல. கீழ வுழுந்த சத்தம் ரொம்ப நேரம் கழிச்சுதான் கேட்டுது."

சார் நால்வரையும் மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டே வேனில் ஏற்றினார்.

வளைவு வளைவாக வண்டி இறங்கியது. மடியில் டிரம்.

"போதும் நிறுத்துடா, அதான் வந்துட்டோமே" என்றாள் அவள் முன் சீட்டிலிருந்து.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். கை தானாக அடித்துக்கொண்டிருந்தது. மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் வரும்வரை என்னால் நிறுத்த முடியவில்லை.